பத்து ரூபாய் பாக்கெட்டில் ஏன் 81 கிராம்?

வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, எண்ணெய்ப் பாக்கெட் 870 கிராம், பத்து ரூபாய் பிஸ்கட் 81 கிராம். இவற்றில் ஒன்றுகூட ஏன் நூறு கிராம், ஒரு கிலோ போன்ற முழு எண்ணாக இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதே பிஸ்கட்டின் பழைய உறை ஒன்று அலமாரியில் கிடைத்ததையும், அதில் 86 கிராம் என்று இருந்ததையும், இரண்டு உறைகளிலும் ஒரு கிராமின் விலை 0.12 ரூபாய் என்றே அச்சாகியிருப்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கேள்வி எண்களைப் பற்றியது போலத் தெரிந்தாலும், 'என்னை ஏமாற்றுகிறார்களா?' என்பதே உங்கள் மனத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று பொருள்களுக்கும் பதில் ஒன்றல்ல. முதலாவதில் ஏமாற்று துளியும் கிடையாது. மற்ற இரண்டையும் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான் 24 ஆண்டுகள் உணவுப்பொருள் தொழிற்சாலைகளில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவன். முதலில் மசாலாத் தூள், பிறகு எண்ணெய், கடைசியாகப் பிஸ்கட். இயந்திரம், உறை, தராசு, ஆய்வாளர் வருகை எல்லாம் நேரில் பழகி அறிந்தவை. விலையை முடிவு செய்யும் கூட்டத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அங்கே முடிவானது ஒரு தாளாக எங்களிடம் வரும்: இன்ன தேதி முதல் இன்ன எடை. ஆகவே எடை எப்படி மாறுகிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். ஏன் மாற்றினார்கள் என்பதில் என் ஊகமும் கலந்திருக்கும். ஊகம் வரும் இடத்தில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

சிலிண்டரை முதலில் முடித்துவிடலாம். வீட்டுச் சிலிண்டருக்குள் தண்ணீர் ஊற்றினால் 33.3 லிட்டர் கொள்ளும். சமையல் எரிவாயு அதற்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. வெயில் ஏற ஏற அந்தத் திரவம் விரியும். கழுத்துவரை நிரப்பினால் விரிய இடமிருக்காது, உருளை தாங்காது. அதனால் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு இத்தனை கிலோதான் நிரப்பலாம் என்று ஒரு வரம்பு உண்டு. நம் சிலிண்டர்களில் அது ஏறத்தாழ 0.427 கிலோ. 33.3-ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள், 14.2 வரும். கடைகளிலும் உணவகங்களிலும் இருக்கும் 19 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு 44.5 லிட்டர், அதற்கும் இதே கணக்கு பொருந்தும். பாத்திரத்தின் அளவு முதலில், உள்ளே போகும் எடை அதற்குப் பிறகு. சிலிண்டரில் வெற்று எடை எழுதப்பட்டிருக்கும். கொண்டுவருபவரிடம் தராசில் தூக்கிக் காட்டச் சொல்லி, அந்த வெற்று எடையைக் கழித்துப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

பழைய அளவு முறையிலிருந்து பிறந்த எண்களும் இப்படிக் குற்றமற்றவைதாம். இறக்குமதி ஜாம் புட்டியில் 454 கிராம், தகர டப்பாவில் 340 கிராம், குளிர்பான டப்பாவில் 355 மில்லி என்றெல்லாம் பார்த்திருப்பீர்கள். 454 கிராம் என்பது ஒரு பவுண்டு. 340 கிராம் பன்னிரண்டு அவுன்ஸ். 355 மில்லி, அமெரிக்கத் திரவ அளவில் பன்னிரண்டு அவுன்ஸ். பிறந்த ஊரில் அவை முழு எண்கள். கிராமுக்கு மாற்றியதும் உடைந்து தெரிகின்றன. இலங்கையில் இன்றும் 'ஒரு இறாத்தல் பாண்' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இறாத்தல் என்றால் பவுண்டு, பாண் என்றால் பேக்கரி ரொட்டி. 2024 தொடக்கத்தில் அங்கே பாணின் எடையை அரசிதழில் வரையறுத்தபோது, முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் என்றுதான் வைத்தார்கள். அரை கிலோ என்று வைத்திருந்தால் ஒவ்வொரு பேக்கரியும் தன் தட்டுகளையும் விலையையும் மாற்ற வேண்டியிருந்திருக்கும் என்பது என் ஊகம். நாட்டில் அளவு முறை மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், இறாத்தல் அடுப்படியில் உயிரோடுதான் இருக்கிறது.

எண்ணெய்க்கு வருவோம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஒரு கிலோ அல்ல. அறை வெப்பத்தில் சுமார் 910 கிராம். ஆகவே '1 லிட்டர், 910 கிராம்' என்று பாக்கெட்டில் இருந்தால் அது நேர்மையான எண். நான் எண்ணெய் லைனில் இருந்த நாள்களில் பலர் தொலைபேசியில் அழைத்து, 90 கிராம் குறைகிறது என்று கோபப்படுவார்கள். அவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வெப்பம் இங்கே விளையாடும். சோயா எண்ணெயை 21 டிகிரியில் நிரப்பினால் ஒரு லிட்டர் 919 கிராம் வரும். 60 டிகிரியில் நிரப்பினால் சுமார் 893 கிராம்தான். சூட்டில் விரிந்த எண்ணெயை லிட்டர் கணக்கில் அடைத்து, எந்த வெப்பநிலையில் அடைத்தது என்று சிறிய எழுத்தில் போட்டுக்கொண்டால், வீட்டுக்கு வந்து ஆறியதும் அளவு குறைந்து நிற்கும். 2022-இல் மத்திய அரசு இதைக் கவனித்து, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவையும் எடையையும் சரியாக அச்சிட வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

ஆனால் உங்கள் பாக்கெட் 870 கிராம். அது சுமார் 956 மில்லி, லிட்டர் இல்லை. சூட்டையும் விரிவையும் காட்டி இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. இதைப் புரிந்துகொள்ள விதிகள் வந்து போன கதை தெரிய வேண்டும். இந்தியாவில் 1977-இல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2011-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு விதிகளும் ஒரு பட்டியல் வைத்திருந்தன. பிஸ்கட், ரொட்டி, தேயிலை, காப்பி, எண்ணெய், உப்பு, சோப்பு, மாவு, சிமெண்ட் என்று 19 வகைப் பொருள்களை இன்னின்ன அளவுகளில் மட்டுமே அடைக்கலாம் என்பது அந்தப் பட்டியல். ரொட்டி என்றால் 100 கிராமின் மடங்கு. எண்ணெய் என்றால் அரை லிட்டர், ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் போன்ற அளவுகள். நானும் அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்து வேலை பார்த்தவன்தான். 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. நிறுவனங்களுக்குச் சிறிது அவகாசம் தந்து அது நடைமுறைக்கு வந்தது. இனி எந்த அளவிலும் அடைக்கலாம்; அதற்கு ஈடாக, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதை உறையில் அச்சிட வேண்டும். உங்கள் 870 கிராம் பாக்கெட் சட்டப்படி குற்றமற்றது. ஆனால் அது லிட்டர் பாக்கெட்டின் உயரத்தில், லிட்டர் பாக்கெட்டுகளுக்கு நடுவே, அதைவிட நான்கு ஐந்து ரூபாய் குறைந்த விலையில் அடுக்கப்படும்போது, வாங்குபவர் அதை லிட்டர் என்றே நினைப்பார். அப்படி நினைக்க வேண்டும் என்பதற்காகவே அந்த அளவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது என் ஊகம். என்னிடம் அதற்குச் சான்று இல்லை. ஆனால் 40 கிராமைக் குறைப்பதற்குப் பேக்கிங் பிரிவில் எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். எண்ணெய்த் தொழிலில் இருப்பவர்களே சிலர் பழைய பட்டியலைத் திரும்பக் கொண்டுவரும்படி அரசிடம் கேட்டிருக்கிறார்கள். சரியாக லிட்டர் அடைத்து விற்பவருக்கு இது எத்தனை வேதனை என்பதை நான் அறிவேன்.

இனி பிஸ்கட். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகளில் எடை விலையிலிருந்து பிறக்கிறது. சிறு கடையில் ஒரு பிள்ளை பத்து ரூபாயை நீட்டுகிறது. கடைக்காரர் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறார். அந்த வியாபாரத்தில் பத்து ரூபாய் அறுபது காசுக்கு இடமில்லை. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் முடிவில் செல்லாமல் போய்விட்டன. ஐம்பது காசு செல்லும் என்றாலும் யாரும் வாங்குவதில்லை. இந்த முறை நமக்குப் புதிதும் அல்ல. கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து விற்றுக் காட்டிய காலத்திலிருந்தே, கையில் இருக்கும் நாணயத்துக்கு ஏற்ற பொட்டலம் என்பது நம் ஊர் வியாபாரத்தின் அடிப்படையாகிவிட்டது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது பெரிய உதவி என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் விலை அசையாமல் நின்றால், கோதுமையோ சர்க்கரையோ பாமாயிலோ விலை ஏறும்போது அசையக்கூடியது எடை ஒன்றுதான்.

இது இரு திசையிலும் நடக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்கு அந்த வரிக் குறைப்பை அப்படியே விலையில் கொடுத்தால் 4 ரூபாய் 45 காசு வரும். அந்த 55 காசைக் கடைக்காரர் எப்படித் திருப்பிக் கொடுப்பார்? விலையை ஐந்திலேயே வைத்து எடையில் கொடுத்தால் சுமார் 12 விழுக்காடு கூட்ட வேண்டும். 55 கிராம் பாக்கெட் 62 கிராம் ஆகிவிடும். விலை, எடை இரண்டில் ஒன்று முழு எண்ணாக இருந்தால் மற்றது உடைந்துதான் நிற்கும். ஆகவே 62 என்ற எண்ணைப் பார்த்ததுமே கோபப்பட வேண்டியதில்லை. எடை கூடும் தாளும் எங்களுக்கு வந்ததுண்டு. ஆனால் என் 24 ஆண்டுகளில் குறைக்கும் தாள் வந்த அளவுக்கு, கூட்டும் தாள் வந்ததில்லை.

எடை குறைந்தாலும் பாக்கெட் ஏன் அதே அளவில் இருக்கிறது என்று பலருக்குச் சந்தேகம். இதில் பாதி, இயந்திரத்தின் காரணம். உறையின் படம் நிறத்துக்கு ஒன்றாக உருளைகள் செதுக்கி அச்சிடப்படுகிறது. உறையின் ஓரத்தில் சிறிய கறுப்புக் கட்டம் ஒன்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் இயந்திரம் ஒவ்வொரு பாக்கெட்டையும் வெட்டுகிறது. நீளத்தை மாற்றினால் எல்லா உருளைகளையும் புதிதாகச் செதுக்க வேண்டும். எடை எண்ணை மட்டும் மாற்றினால் எழுத்து இருக்கும் ஓர் உருளை போதும். அட்டைப்பெட்டியின் அளவும் லாரியில் அடுக்கும் கணக்கும் அப்படியே இருக்கும். மீதிப் பாதி, பழைய அளவு பழைய நம்பிக்கையைத் தரும் என்பது. எடை குறைந்த முதல் நாள், லைன் முடிவில் பெட்டியில் அடுக்கும் அக்கா ஒருவர் பாக்கெட்டைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நேற்று மாதிரி இல்லையே தம்பி" என்றார். நாளுக்குப் பல ஆயிரம் பாக்கெட்டுகளைத் தொடும் கை அது. கடையில் ஒன்று வாங்குபவருக்கு அந்தக் கை எங்கிருந்து வரும்?

தராசைப் பற்றியும் ஒரு சொல். நீங்கள் வீட்டில் எடைபோட்டு 79 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். உடனே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. 50 முதல் 100 கிராம் வரையிலான பாக்கெட்டில் தனி ஒன்றுக்கு 4.5 கிராம் வரை ஏற்றத்தாழ்வை விதி அனுமதிக்கிறது. ஆனால் ஆய்வாளர் எடுக்கும் மாதிரிகளின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் கீழே போகக் கூடாது. அதனால் நாங்கள் இயந்திரத்தை எப்போதும் அச்சிட்ட எடைக்குச் சற்று மேலேயே வைப்போம். ஒன்றை எடைபோட்டுக் கலங்காமல், பத்தை எடைபோட்டுச் சராசரி பாருங்கள். சோப்பு வேறு வகை. ஈரம் காய்ந்து எடை குறையும் என்பதால் 'அடைக்கும்போது இருந்த எடை' என்று குறிப்பிட அதற்கு அனுமதி உண்டு.

இப்போது உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட இடம்: 86 கிராமுக்கும் 81 கிராமுக்கும் ஒரே 0.12 ரூபாய். அச்சுப் பிழையோ பொய்யோ இல்லை. பத்தை 86-ஆல் வகுத்தால் 0.1163, 81-ஆல் வகுத்தால் 0.1235. விதி இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கச் சொல்கிறது, இரண்டும் 0.12 ஆகிவிடுகின்றன. பத்து ரூபாய்க்கு 80 கிராமுக்கு மேலே தொடங்கி 86 கிராம் வரை எந்த எடை அடைத்தாலும் அந்த எண் அசையாது. ஐந்து ரூபாய் பாக்கெட்டில் நிலைமை இன்னும் மோசம்: 58 கிராம் என்றாலும் 0.09, 53 கிராம் என்றாலும் 0.09. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலத்துக்குக் கிலோ விலையும், அதற்குக் குறைந்ததற்குக் கிராம் விலையும் போட வேண்டும் என்று விதி எழுதியதால் வந்த வினை இது. இதே பாக்கெட்டில் கிலோ விலை அச்சிட்டிருந்தால் பழையதில் 116 ரூபாய் 28 காசு, புதியதில் 123 ரூபாய் 46 காசு என்று கண்ணில் அறைந்திருக்கும். அளவுப் பட்டியலை எடுத்துவிட்டு அதற்கு ஈடாகக் கொடுத்த காவல், காவல் மிக அதிகமாகத் தேவைப்படும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டிலேயே வேலை செய்யவில்லை. இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பாக்கெட்டுகளை அதிகமாக வாங்குபவர்கள் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிப்பவர்கள்.

இதைச் சரிசெய்வது கடினமல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998-ஆம் ஆண்டு ஆணை, பொதுவாகக் கிலோவுக்கோ லிட்டருக்கோ உள்ள விலையைத்தான் கடையில் காட்டச் சொல்கிறது. பிரான்சில் 2024 ஜூலை முதல், விலை குறையாமல் எடை மட்டும் குறைந்த பொருளுக்கு அருகில் அதைச் சொல்லும் அறிவிப்பை இரண்டு மாதம் வைக்க வேண்டும் என்று பெரிய கடைகளுக்கு விதி வந்திருக்கிறது. நம் ஊரில் கிராம் விலையைக் கிலோ விலையாக மாற்றி அச்சிடச் சொன்னாலே போதும். எங்கள் பிரிவுக்கு அது ஒரு வரி வேலை. அதுவரை நீங்களே கணக்குப் போட வேண்டும்: விலையை ஆயிரத்தால் பெருக்கி, கிராமால் வகுத்தால் கிலோ விலை. எடை குறைவாக அடைத்திருக்கிறார்கள் என்று சராசரி பார்த்தும் தெரிந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை. பலர் இதை அறியாமல் வேறு அலுவலகங்களில் அலைகிறார்கள்.

கடைசியாக, உங்கள் பாக்கெட்டைப் பற்றி ஓர் ஊகம். பிஸ்கட் அச்சை மாற்றுவது செலவான வேலை. எண்ணிக்கையில் ஒன்றைக் குறைப்பது எளிது. ஒரு பிஸ்கட் சுமார் 5.45 கிராம் என்றால், பதினாறு பிஸ்கட் 87.2 கிராம், பதினைந்து 81.75 கிராம். பாதுகாப்புக்காகச் சற்றுக் குறைத்து அச்சிட்டால் 86-ம் 81-ம் கிடைக்கும். பழைய உறையை எறிந்துவிடாதீர்கள். அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும்போது எண்ணிப் பாருங்கள். பதினைந்து இருந்தால் என் கணக்கு சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். வேறு எண் வந்தால் ஒரு பிஸ்கட்டின் எடையோடு சேர்த்து எழுதுங்கள், எங்கே தவறினேன் என்று பார்த்துச் சொல்கிறேன்.